நிலையானது என்னும் வாக்கு
கட்டற்ற மென்பொருள் வெளியீட்டில் எழும் ஓர் அறவியல் வினா

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது எம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தானம் பெறுபவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அது வரையறுக்கின்றது. தானம் கொடுத்தவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது குறித்து அது வாய் திறக்கவில்லை. அம்மாட்டை நம்பி ஒருவன் ஏர் பூட்டுகின்றான். நடுவயலில் அது படுத்துவிடுகின்றது. அப்பொழுது கொடுத்தவனை நோக்கி ஒரு வார்த்தை கேட்பதற்கு அவனுக்கு உரிமை உண்டா? "இலவசமாகத் தந்தேன், இனி உன்பாடு" என்று கொடுத்தவன் விலகிக்கொள்வானாயின் அதனை நாம் நியாயம் என ஏற்போமா? பழமையான இவ்வினா, எமது காலத்திலே கட்டற்ற மென்பொருள் என்னும் புதிய கொடையின் வழியாக மீண்டும் எம்முன் வந்து நிற்கின்றது. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒரு பாடசாலை நிகழ்ச்சி

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட கடற்கிராமம் ஒன்றின் பாடசாலையிலே நான் உயர்தரம் பயின்றேன். பிறர் பாவித்துக் கழித்த கணினிகள் சில அங்கிருந்தன. விலைகொடுத்து மென்பொருள் வாங்க வசதியற்ற நிலையில், எமது ஆசிரியர் அவற்றில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவியிருந்தார். அவ்வாண்டுப் பாடசாலை மலருக்காக, உடப்புக் கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களை முதியோரிடம் கேட்டு மாணவர் எழுதிவந்தனர். எழுதியவற்றையெல்லாம் அக்கணினிகளிலேயே தட்டச்சுச் செய்தோம்.

மலரை அச்சகத்திற் கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள், கணினி தன்னை இற்றைப்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டது. நாமும் அனுமதி கொடுத்தோம். மீண்டும் அது இயங்கியபோது எமது தமிழ் எழுத்துகள் உருக்குலைந்திருந்தன. கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறம், இடையிலே புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று. 'கொண்டல்' என்ற சொல்லைக்கூட வாசிக்க இயலவில்லை. "சேர், இதை யாரிட்டக் கேட்கிறது?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். "சும்மா தந்ததுக்கு யாரை எண்டு கேட்கிறது, தம்பி?" என்றார் ஆசிரியர்.

அவருடைய விடையில் ஒரு நேர்மை இருந்தது. ஆயினும் அது முழு விடை ஆகாது என்ற எண்ணம் அன்றுதொட்டு என்னை விட்டு அகலவில்லை.

2. உரிமம் சொல்வதும் சொல்லாததும்

கட்டற்ற மென்பொருள் என்பது விலையற்ற மென்பொருள் என்பதனிலும் விரிந்த பொருளுடையது. அதனைப் பயன்படுத்தவும், அதன் மூலநிரலை ஆராயவும், வேண்டியவாறு மாற்றவும், மாற்றியதைப் பிறருடன் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். அவ்வுரிமைகளைச் சட்டவடிவிற் பாதுகாக்கும் பொதுமக்கள் உரிமம் 1989இல் வெளியாயிற்று. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் எம்மை ஒத்த மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய கருநிரலே லினக்ஸ். 2017 நவம்பர் தொடக்கம் உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றவை யாவும் அதனைக் கொண்டே இயங்கிவந்துள்ளன. எமது கைகளிலுள்ள அன்ட்ரோய்ட் தொலைபேசிகளின் அடித்தளமும் அதுவே.

இத்தகைய மென்பொருள்களின் உரிமங்கள் ஏறத்தாழ யாவும் ஒரு வாசகத்தைக் கொண்டுள்ளன. இம்மென்பொருள் எவ்வித உத்தரவாதமும் இன்றி, உள்ளது உள்ளபடி தரப்படுகின்றது. இதனால் விளையும் நட்டத்துக்கு ஆக்கியோர் பொறுப்பாளர் அல்லர் என்பதே அதன் சாரம். எனவே, சட்டத்தின் முன் எமது ஆசிரியர் கூறியது முற்றிலும் சரி; யாரிடமும் கேட்பதற்கில்லை.

எனினும், சட்டப் பொறுப்பு முடிவடையும் இடத்திலே அறப் பொறுப்பும் முடிவடைந்துவிடுவதில்லை. வழக்குத் தொடர இயலாத கடமைகள் பல மனித வாழ்விலே உள. பெற்றோரிடம் அன்பாயிருத்தல், நண்பனுக்குச் சொன்ன சொல்லைக் காத்தல் ஆகியவற்றுக்கு நீதிமன்றம் இல்லை. ஆகவே உரிமத்தின் வாசகத்தோடு வினாவை முடித்துவிடாது மேலும் ஆராய்தல் வேண்டும்.

3. ஈகையும் ஒப்புரவும்

கொடை பற்றிச் சிந்தித்த வள்ளுவர், 'ஒப்புரவறிதல்' எனவும் 'ஈகை' எனவும் இரு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தமை மனங்கொளத்தக்கது. இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுப்பது ஈகை. அங்கே கொடுப்போனும் கொள்வோனும் வெவ்வேறாக நிற்கின்றனர். ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்பவன் ஊருக்குச் செய்யும் கடப்பாடு. அதற்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று, ஊரார் நீருண்ணும் ஊருணி. ஊருணியிலே நீர் மொள்பவர் எவரும் இரவலர் ஆகார். நீர் நிறைந்தது யார் பொருட்டு என்றும் எவரும் கேளார்.

கட்டற்ற மென்பொருளை இவ்விரண்டாம் வகையிற் சேர்ப்பதே பொருத்தமாகும். அதனை ஆக்குவோர் பெரும்பாலும் முதலிலே தமது தேவைக்காகவே ஆக்குகின்றனர். பிறர் எடுத்துக்கொள்வதால் அவர்களுக்கு எதுவும் குறைவதில்லை. பிறர் திருத்தித் தருவதால் நிறைவதும் உண்டு. ஊருணியின் இயல்பும் இதுவேயன்றோ?

இவ்வாறாயின், ஊருணி தோண்டியவன் அதனை என்றென்றும் தூர்வாரிக்கொண்டேயிருக்கக் கடமைப்பட்டவனா? அவ்வாறு கூறுதல் கொடுமை. ஒருநாள் நற்செயல் செய்தவனை அச்செயலின் பெயராலேயே வாழ்நாள் அடிமையாக்குவதாக அது முடியும். அத்தகைய விதி நிலவும் ஊரிலே மறுநாள் எவனும் மண்வெட்டியைத் தொடமாட்டான். ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ட் கடமைகளை இருவகையாகப் பகுத்தமை ஈண்டு உதவும். பிறருக்கு உதவுதல் விரிகடமை. அதனை எப்பொழுது, எவருக்கு, எந்த அளவில் ஆற்றுவது என்பது செய்வோனின் தெரிவுக்கு இடமளிப்பது. கொடுத்த வாக்கைக் காத்தலோ வரைகடமை. அதிலே வசதிக்கேற்பக் குறைத்துக்கொள்ள இடமில்லை. ஒருவர் தாம் எழுதிய நிரலை உலகின்முன் வைப்பது முதல்வகையைச் சார்ந்தது. வைத்தமையால் மாத்திரம் அவர்மீது புதிய கடன் எதுவும் ஏறிவிடுவதில்லை. ஆசிரியரின் விடையில் இருந்த நேர்மை இதுவே.

4. கொடை வாக்காக மாறும் இடம்

ஆயின், கட்டற்ற மென்பொருளாளர் தாம் ஆக்கியதை வெறுமனே வைத்துவிட்டுப் போவதில்லை. அதற்கு ஒரு பெயரும் இடுகின்றனர். 1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அது மூன்று அடுக்குகளாகப் பேணப்படுகின்றது. புதியவை யாவும் முதலில் 'நிலையற்றது' என்னும் அடுக்கிலே வந்து விழுகின்றன. அவ்வடுக்குக்கு, ஒரு கேலிச்சித்திரத் திரைப்படத்திலே பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயரை அவர்கள் நிரந்தரமாகச் சூட்டியுள்ளமை சுவையானது. அங்கே சில நாள்கள் பெருங்குறை தென்படாது தங்கியவை 'பரிசோதனை' அடுக்குக்குச் செல்கின்றன. ஒரு கட்டத்தில் அவ்வடுக்கு உறையவைக்கப்படுகின்றது. அதன்பின் புதுமை எதுவும் உட்புகாது. குறைகளைக் களைவது மட்டுமே வேலை. களைந்து முடிந்ததும் 'நிலையானது' என்ற பெயருடன் அது வெளியிடப்படுகின்றது. அதற்குப் பின்னர் அதனுட் செல்வன பாதுகாப்புத் திருத்தங்களும் கடுமையான வழுக்களுக்கான மாற்றங்களும் மாத்திரமே.

இங்கே 'நிலையானது' என்ற சொல்லின் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். குற்றமே அற்றது என்பது அதன் பொருளாகாது. குற்றமற்ற நிரலை எவரும் இன்னும் எழுதிவிடவில்லை. நீ இதன்மேல் உன் வேலையைக் கட்டியெழுப்பலாம், உன்னை அறியாமல் இது உன் காலடியில் நகராது என்பதே அச்சொல் தரும் உறுதி. இது வாக்கு. இன்னார் என்று அறியாத, என்றும் முகம் காணாத எண்ணற்றோருக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு.

இதனை ஏற்காதோர், "அது வெறும் அறிவித்தல், வாக்கு ஆகாது" எனலாம். புத்தளம் களப்பில் ஒருவர் தமது தோணியில் ஊராரை இலவசமாக ஏற்றி இறக்குகின்றார் என வைத்துக்கொள்வோம். ஏற்றவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கில்லை. நாளைக்கே அவர் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தோணியின் பக்கத்திலே 'எட்டுப் பேர் ஏறலாம்' என அவர் எழுதியிருப்பாராயின், அவ்வெழுத்தை நம்பி ஏறிய எட்டாவது ஆளுக்கு அவர் பொறுப்பாளர். கூலி வாங்காமை அப்பொறுப்பை நீக்காது. நம்பும்படி அழைத்த சொல், சொன்னவனைக் கட்டும்.

எனவே நாம் எய்தும் முடிவு இது: கொடை கடனை உண்டாக்குவதில்லை, கொடைக்கு இட்ட பெயரே கடனை உண்டாக்குகின்றது. 'நிலையானது' என்ற சொல்லைச் சொல்லாதவனிடம் நாம் கேட்பதற்கு எதுவுமில்லை. சொன்னவன் அதனைக் காத்தல் வேண்டும்.

5. காலமும் கனிவும்

வாக்கை எப்பொழுது கொடுப்பது என்பது அடுத்த வினா. இதிலே இரு கொள்கைகள் உள்ளன. ஆயத்தமானதும் வெளியிடுவோம் என்பது ஒன்று. குறித்த நாளில் ஆயத்தமாக இருப்பதை வெளியிடுவோம் என்பது மற்றொன்று.

முதலாவது கொள்கை கேட்பதற்கு அறம் நிரம்பியதாகத் தோன்றுகின்றது. டெபியன் நெடுங்காலம் அதனையே பின்பற்றிற்று. 2002 ஜூலையில் ஒரு நிலையான பதிப்பை வெளியிட்ட அத்திட்டம், அடுத்ததை 2005 ஜூனிலேயே வெளியிட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கனிவுக்காகக் காத்திருந்தமையால், புதிய கருவிகளை அது அறியாது போயிற்று. பயன்படுத்துவோர் பலர் பொறுமையிழந்து நிலையற்ற அடுக்கை நாடினர். பிழை செய்துவிடுவோமோ என்ற அச்சத்தால் வாக்கே கொடாதிருப்பதும் ஒருவகைக் குறையே என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது கொள்கை இயந்திரத்தனமானதாகத் தோன்றினும் அதனுள்ளே ஓர் ஆழ்ந்த மனித இயல்பறிவு உண்டு. கொழும்புக்குச் செல்லும் பேருந்து குறித்த நேரத்திற் புறப்படும், அடுத்தது ஒரு மணி நேரத்தில் வரும் என்பது உறுதியாயின், தாமதித்தவன் அமைதியாக அடுத்ததற்குக் காத்திருப்பான். அடுத்த பேருந்து எப்பொழுது என்றே தெரியாவிடின், எல்லோரும் முண்டியடித்து ஏறுவர், மிதிபலகையில் தொங்குவர். நிரலாக்குநரும் இவ்வாறே. அடுத்த வெளியீடு என்றோ ஒருநாள் என்றிருந்தால், கனியாத வேலையையும் இப்பொழுதே திணிக்க முனைவர். உபுண்டு என்னும் இயங்குதளம் 2004 ஒக்டோபர் முதல் ஆறுமாதங்களுக்கு ஒருமுறை வெளிவருகின்றது. லினக்ஸ் கருநிரல் ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகின்றது. அதில் முதல் இரு வாரங்கள் மட்டுமே புதியவை ஏற்கப்படும். எஞ்சிய வாரங்கள் முழுவதும் திருத்தங்களுக்கே உரியன. இவ்வாறு நோக்குமிடத்து, ஒழுங்கான காலச்சுழற்சி என்பது பேராசையைத் தணிக்கும் அறக்கருவியாகின்றது. 'இன்று இல்லாவிடினும் நாளை உண்டு' என்ற உறுதி, கனியாததைக் கனிந்ததென்று கூறும் சோதனையிலிருந்து மனிதரைக் காக்கின்றது.

எமது கரையோர மக்கள் இதனை அறியாதவர் அல்லர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கரையிற் கரைவலை வளைப்பது ஓய்ந்துவிடும். வலையைப் பெரிதாகப் புதுக்குவதும் மடியை மாற்றுவதும் அக்காலத்துக்குரிய வேலைகள். பருவம் தொடங்கிவிட்டால், இன்று அறுந்த கண்ணை இன்று மாலையே பொத்துவார்கள். அதற்குமேல் வலையின் அமைப்பிற் கைவைக்கமாட்டார்கள். நாளைக் காலை வளைக்கவேண்டிய வலையைப் பரிசோதனைக்கு உள்ளாக்கும் உரிமை, அதற்கு உரிமையாளரான சம்மாட்டிக்கும் இல்லை. கயிற்றின் இரு தலைப்பிலும் எத்தனையோ குடும்பங்கள் நிற்கின்றன.

6. சிறு திருத்தத்தின் பெரும் பொறுப்பு

வாக்கைக் கொடுத்தபின் அதனைக் காப்பது எவ்வாறு? குறை தெரியவந்தால் திருத்தவேண்டும். ஆனால் திருத்துதலும் ஒரு மாற்றமே. மாற்றமாட்டேன் என்ற வாக்கைக் காப்பதற்காகவே மாற்றவேண்டியிருப்பது இதிலுள்ள முரண்.

இம்முரணை உணர்ந்த லினக்ஸ் கருநிரலாளர் 2005இல் தொடங்கிய நிலையான தொடருக்குச் சில விதிகளை வகுத்தனர். திருத்தம் சரியானதென்பது வெளிப்படையாகத் தெரியவேண்டும், சோதிக்கப்பட்டிருக்க வேண்டும், சூழ்ந்த வரிகள் உட்பட 100 வரிகளை மிஞ்சலாகாது, உண்மையாகவே மக்களை வருத்தும் வழுவைத் தீர்ப்பதாக இருக்கவேண்டும், தலைமைத் தொகுப்பில் அது ஏற்கெனவே இடம்பெற்றிருக்க வேண்டும். இவை தொழில்நுட்ப விதிகளாகத் தோன்றினும் உண்மையில் அடக்கம் என்னும் பண்பின் இலக்கணங்களாகும். அழகுபடுத்துகின்றேன், மேம்படுத்துகின்றேன் என்ற பெயரில் பிறர் நம்பியிருப்பதைக் குலைக்காதே என்பதே அவற்றின் உட்பொருள்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு டெபியன் வரலாறே சான்று. 2006இல், குறியாக்க மென்பொருள் ஒன்றைப் பேணியவர், சோதனைக்கருவி ஒன்று காட்டிய எச்சரிக்கையை நீக்கும் நன்னோக்குடன் நிரலின் வரிகள் இரண்டை எடுத்துவிட்டார். மறைசாவிகளை ஊகிக்க இயலாதவையாக்கும் தற்செயன்மை ஏறத்தாழ முழுவதும் அவ்வரிகளோடு போய்விட்டது. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஏறத்தாழ 32,768 வடிவங்களே எஞ்சின. ஒரு சாதாரண கணினி அவையனைத்தையும் எண்ணிப்பார்த்துவிடும். அம்மாற்றம் 2007 ஏப்ரிலில் வெளியான நிலையான பதிப்பினுள்ளும் சென்றது. 2008 மே மாதத்திலேயே குறை வெளிப்பட்டது; அதற்குள் உருவாகியிருந்த சாவிகளையெல்லாம் உலகெங்கும் மாற்றவேண்டியதாயிற்று. இரண்டு வரிகள், இரண்டு ஆண்டுகள். திருத்துபவனின் தூய்மை அவனுக்கு மன்னிப்பைத் தரலாம். நம்பியவனுக்குப் பாதுகாப்பைத் தராது. பிறர் கண்ணாலும் தன் வேலையைப் பார்க்கவைப்பது வாக்கைக் காப்பவனின் கடமையுள் அடங்கும்.

திருத்தாமல் விடுவதே வாக்கைக் காப்பதாகும் இடமும் உண்டு. எழுத்துகளுக்கான யுனிகோட் தரநியமத்திலே எமது ஆய்த எழுத்துக்கு, வடமொழி இலக்கண வழக்கைத் தழுவி, 'தமிழ் விசர்க்கக் குறி' எனப் பொருள்படும் பெயர் இடப்பட்டுவிட்டது. ஆய்தமும் விசர்க்கமும் ஒன்றல்ல என்பதை முதலாம் ஆண்டுத் தமிழ் மாணவரும் அறிவர். ஆயினும், ஒருமுறை இட்ட பெயரை ஒருபோதும் மாற்றுவதில்லை என்பது அத்தரநியமத்தின் உறுதிமொழி. ஆகவே பெயரை அவ்வாறே விட்டு, அருகில் 'ஆய்தம்' என்ற குறிப்பைச் சேர்த்துள்ளனர். எமது மொழிப்பற்றுக்கு இது சற்றே உறுத்தலானதுதான். எனினும் அப்பெயரை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் எங்கெங்கு உள்ளன என்பதை எவரும் அறியாதபோது, பிழையை ஒப்புக்கொண்டு பெயரைப் பேணுவது நேர்மையான வழியென்றே கொள்ளவேண்டும்.

7. ஆபத்துக் காலத்து அறம்

இவ்வளவு நிதானம் எக்காலத்துக்கும் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். அதற்கு எமது நாட்டிலேயே விடை உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எமது கரைகளைத் தாக்கியது. காணாமற்போனோரைத் தேடவும், முகாம்களைப் பதிவுசெய்யவும், உதவி நிறுவனங்களை ஒருங்கிணைக்கவும் ஒரு கருவி உடனடியாகத் தேவைப்பட்டது. இலங்கைக் கணினியியலாளர் தொண்டர்களாக ஒன்றுகூடிச் சில நாள்களிலேயே ஒன்றை எழுதினர். நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹானா' என்ற சிங்களச் சொல் அதற்குப் பெயராயிற்று. அது கனிந்ததா, உறையவைத்துச் சோதிக்கப்பட்டதா என்று கேட்பதற்கு அன்று நேரமில்லை. கனியும்வரை காத்திருந்திருந்தால் அதுவே அறப்பிழையாயிருக்கும்.

ஆயினும் அவர்கள் அடுத்துச் செய்ததே எமது கவனத்துக்குரியது. அவசரத்தில் எழுதியதையே முழுமையானதென்று உலகுக்குக் கொடுக்காது, லங்கா மென்பொருள் அமைப்பின் கீழ் அதனை மீள எழுதினர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும், அவ்வாண்டே இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்தின் போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன்பாட்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கிற்று. கனியாததைக் கொடுப்பது பாவமாகாது. கனியாததைக் கனிந்ததென்று சொல்லிக் கொடுப்பதே பாவம் என்பதை இவ்வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.

8. பெறுவோர் கடன்

இதுவரை கொடுப்போர் பக்கத்தையே நோக்கினோம். ஒப்புரவிலே பெறுவோர் பக்கமும் உண்டு. ஊருணியைத் தோண்டியவனே என்றும் தூர்வாரவேண்டியதில்லை என்றோம். அவ்வாறாயின் தூர்வார வேண்டியவர் யாவர்? நீர் மொள்ளும் அனைவருமே.

இக்கடமை மறக்கப்படும்பொழுது நேர்வதை 2024ஆம் ஆண்டு காட்டிற்று. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்-இசட்' என்ற சிறு கருவி உலகின் எண்ணற்ற கணினிகளில் இடம்பெற்றுள்ளது. அதனை நெடுங்காலம் ஊதியமின்றி ஒருவரே பேணிவந்தார். 2022இல், அறிமுகமற்ற சிலர் அவரை இடைவிடாது நெருக்கினர்: ஏன் தாமதம், புதிய பதிப்பு எங்கே, இயலாவிடின் வேறொருவரிடம் கொடு. களைப்புற்றிருந்த அவருக்கு உதவ முன்வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேலாகப் பொறுமையாக உழைத்து நம்பிக்கையைப் பெற்றார். வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்றார். பின்னர் 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த இரு பதிப்புகளினுள்ளே கள்ளவாயில் ஒன்றை மறைத்துவைத்தார். அந்திரேஸ் பிரொயிண்ட் என்னும் பொறியியலாளர், தொலைக்கணினியினுட் புகுவதற்கு வழமையிலும் அரை வினாடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்து, அதன் காரணத்தைத் துருவிச்சென்று, 2024 மார்ச் 29இல் உண்மையை வெளியிட்டார்.

இதில் இரு செய்திகள் சிந்தனைக்குரியன. முதலாவது, கள்ளவாயில் டெபியனின் நிலையற்ற, பரிசோதனை அடுக்குகளை எட்டியிருந்தபோதும் நிலையான பதிப்பினுட் செல்லவில்லை. பலரும் ஏளனம் செய்யும் அந்த மந்தகதியே மதிலாக நின்றது. நாள் தவறாமைக்குப் பெயர்பெற்ற உபுண்டுவும் தனது முன்னோட்டப் பதிப்பை ஒரு வாரம் பிற்போட்டு, யாவற்றையும் மீளக் கட்டியது. குறித்த நாளைக் காப்பதைவிட வாக்கைக் காப்பது பெரிது என்பதற்கு இது சான்று. இரண்டாவது, பகைவர் கையாண்ட முதற்கருவி நிரலன்று. "இன்னும் ஏன் தரவில்லை?" என்ற வினாவே அது. நாமும் நாள்தோறும் கேட்கும் வினா அது. வேண்டுமென்று கேட்டவர் தீயோராயிருக்கலாம். ஆனால் அவர்களின் குரல் வேறுபாடின்றி ஒலிப்பதற்கு இடமளித்தது, இலவசமாகப் பெறுவோரின் வழக்கமான பொறுமையின்மையேயாகும்.

பெறுவோர் கடன் பணம் கொடுப்பது மட்டுமன்று. பெயரைப் படித்தறிதல், குறையைக் கண்டால் தெளிவாக எழுதியனுப்புதல், பொறுத்திருத்தல், மொழிபெயர்த்துதவுதல், தம்மால் இயன்ற வேறெதையும் செய்தல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

9. முடிவுரை

எமது பாடசாலைக்கு மீள்வோம். அன்று மாலை, மாணவன் ஒருவனின் வீட்டிலிருந்த, இற்றைப்படுத்தப்படாத பழைய கணினியிலே கோப்புகளைத் திறந்து மலரை அச்சுக்கு அனுப்பினோம். பாடல்கள் பிழைத்தன. பின்னர் ஆசிரியர் ஆராய்ந்தபோது ஓர் உண்மை தெரியவந்தது. அவ்வியங்குதளம் நீண்டகாலம் பேணப்படும் பதிப்பாகவும், புதுமையை விரும்புவோருக்கான குறுங்காலப் பதிப்பாகவும் இருவகையில் வெளிவருகின்றது. நாம் நிறுவியிருந்தது குறுங்காலப் பதிப்பு. அது எவ்வளவு காலம் பேணப்படும் என்பதும், மாற்றங்கள் வரும் என்பதும் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன. புதியதே நல்லது எனக் கருதி நாமே அதனைத் தேர்ந்திருந்தோம். எமக்கு எவரும் வாக்குத் தந்திருக்கவில்லை. எழுதியிருந்ததை நாம் படிக்கவில்லை.

ஆசிரியர் அத்துடன் விடவில்லை. உருக்குலைந்த எழுத்துகளின் படத்தையும், எந்தச் சொல்லில் எவ்வாறு குலைகின்றது என்பதையும் விளக்கித் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியனுப்பினார். அறிமுகமற்ற ஒருவர் மேலும் சில மாதிரிச் சொற்களைக் கேட்டு மறுமொழி எழுதினார். மூன்று வாரங்களில் திருத்தம் வந்தது. 'கொண்டல்' மீண்டும் கொண்டலாயிற்று. "யாரை எண்டு கேட்கிறது?" என்ற அவருடைய வினாவுக்கு அவரே கண்ட விடை இது: கேட்க உரிமை இல்லாத இடத்திலும் சொல்லுவதற்குக் கடமை உண்டு.

எனவே, தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்ற வினாவுக்கு எமது விடை பின்வருமாறு அமையும். கொடுத்தவன் எதுவும் சொல்லாதிருந்தால், பார்ப்பது எமது பொறுப்பு, கேட்பதற்கில்லை. 'உழவுக்கு ஆகும்' என்று சொல்லிக் கொடுத்திருந்தால், அச்சொல்லுக்கு அவன் கடமைப்பட்டவன். எதுவரை ஆகும் என்பதையும் அவன் சொல்லவேண்டும். டெபியன் ஒவ்வொரு நிலையான பதிப்பையும் நீண்டகாலப் பேணுகையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் காப்பதாக முன்கூட்டியே கூறுவது இதனாலேயே. முடிவற்ற வாக்கு எவராலும் காக்க இயலாத வாக்கு. எல்லை குறித்த வாக்கே நேர்மையானது. எவ்வாறாயினும், மாட்டுக்குப் புல்லிடுவது அதனால் உழுபவன் கடன்.

மென்பொருள் எழுதாத கலைப்பீட மாணவராகிய எமக்கும் இதில் பங்குண்டு. நாமும் சொற்களை வெளியிடுகின்றோம்; எமது சொல்லை நம்பிப் பிறர் தம் கருத்துகளைக் கட்டியெழுப்புகின்றனர். இது ஐயம், இது ஊகம், இது நிலையானது என்று பெயரிட்டுப் பேசும் நேர்மையையாவது அந்நிரலாளரிடமிருந்து நாம் கற்றுக்கொள்வோமாக.